தில்லிச் சாலையும் சைக்கிளும்

ஒரு நகரத்தின் வரலாற்றைத் தேடப் புகுவோர் முதலில் அதன் கோட்டை கொத்தளங்களைக் காண்பர். பின்னர்க் கல்வெட்டுகளையும் பழைய ஏடுகளையும் நாடுவர். தில்லியைப் பொறுத்தவரை இவற்றுக்குக் குறைவில்லை. குதுப் மினாரிலிருந்து செங்கோட்டை வரை அரசர்களின் வரலாறு கல்லாய்க் கண்முன் நிற்கிறது. ஆயினும், இந்நகரில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வீடு திரும்பிய எளிய மனிதரின் வரலாற்றை எந்தக் கல்லிலும் காண இயலாது. அதற்குச் சாட்சி சொல்ல வல்ல பொருள் ஒன்று உண்டு. அதுதான் சைக்கிள்.

தமிழ்நாட்டிலிருந்து இன்று புதிதாகத் தில்லிக்கு வந்து இறங்குகிறவர், இது என்றென்றும் மோட்டார்களின் நகரமாகவே இருந்து வந்தது என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. 1957-ஆம் ஆண்டில் தில்லியில் நிகழ்ந்த பயணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 சைக்கிளிலேயே நிகழ்ந்தன என்று போக்குவரத்து ஆய்வுகள் குறிக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! சைக்கிளுக்குப் பெயர்பெற்ற ஐரோப்பிய நகரங்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஆனால் 1994-ல் தில்லியின் கணக்கு நூற்றுக்கு 7 ஆகச் சுருங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் இத்தகைய வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது? மக்கள் தாமாகவே சைக்கிளை விட்டொழித்தனரா? அல்லது விடும்படி ஆயிற்றா? இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கல்கத்தாவிலிருந்து தில்லிக்குத் தலைநகரம் மாற்றப்படும் என்று 1911-ல் நடந்த தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் என்னும் இரு கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த புது தில்லி 1931-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அகன்ற நேரான சாலைகள், சாலைதோறும் நிழல் மரங்கள். ஜன்பத்தில் மருது, அக்பர் சாலையில் புளி, வேறு சாலைகளில் வேம்பும் நாவலும். துரைமார்களின் மோட்டார்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் என்று போடப்பட்ட சாலைகள்தாம் அவை. ஆயினும் மேடு பள்ளம் அதிகமில்லாத தரையும், தொடர்ந்து வரும் நிழலும் யாருக்கு உண்மையில் பயன்பட்டன என்று பார்த்தால், சைக்கிளில் சென்ற குமாஸ்தாவுக்கே பயன்பட்டன எனலாம்.

அந்தக் குமாஸ்தாக்களில் நம்மவர் பலர். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, ஒரு தகரப் பெட்டியோடும் படுக்கைச் சுருளோடும் ரயிலேறி வந்தவர்கள். கரோல் பாகிலும், கோல் மார்க்கெட்டைச் சுற்றியும், பின்னர் லோதி காலனியிலும், இன்று சரோஜினி நகர் என வழங்கும் விநய் நகரிலும் குடியமர்ந்தார்கள். 1946-ல் தில்லித் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த தலைமுறை அது. வீட்டிலிருந்து செயலகம் பெரும்பாலும் நான்கைந்து மைல் தொலைவில் இருந்தது. நடப்பதற்குச் சற்று அதிகம். சைக்கிளுக்கு அளவான தூரம். பழைய தில்லியில் டிராம் வண்டி ஓடியது. அதுவும் 1963-ல் நின்றுபோயிற்று. 1948-ல் அரசு பஸ் போக்குவரத்தை ஏற்று நடத்தத் தொடங்கிற்று. ஆனால் பிரிவினைக்குப் பின் அகதிகள் வெள்ளமாக வந்து சேர்ந்த நகரத்துக்கு அந்தப் பஸ்கள் எம்மூலைக்கு? 1941-ல் சுமார் 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1951-ல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆகவே காலை ஒன்பது மணிக்குமேல் செயலகத்தை நோக்கிச் செல்லும் சாலைகளில் சைக்கிள்கள் ஆறாய் ஓடின. குளிர்காலத்தில் மப்ளரும் கம்பளிக் கையுறையும்; கோடையில் 'லூ' என்னும் அனற்காற்றைத் தடுக்கத் தலையில் ஈரத் துணி; காற்சட்டை சங்கிலியில் சிக்காதிருக்க ஒரு கிளிப்பு; பின்னிருக்கைக் கம்பியில் சாப்பாட்டு அடுக்கு. தலைநகரத்தின் கோப்புகள் அனைத்தும் நகர்ந்தது அந்தச் சக்கரங்களின் மேல்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அரசும் இதை அறிந்திருந்தது. மைய அரசின் விதிகளில் 'சைக்கிள் முன்பணம்' என்று ஒன்று இருந்தது. சைக்கிள் வாங்க ஊழியருக்கு வட்டியில்லாமல் பணம் கொடுத்து, மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதே காலத்தில் நாட்டிலேயே சைக்கிள் தொழிலும் ஓங்கி வளர்ந்தது. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றுடன் கூடித் தொடங்கிய நிறுவனம் நம் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. 1951-ல் தில்லிக்கு வடக்கே சோனிபத்தில் அட்லஸ் தொழிற்சாலை எழுந்தது. வங்காளத்து அசன்சோலில் சென் ராலே, 1956-ல் லூதியானாவில் ஹீரோ எனத் தொழிற்சாலைகள் பெருகின. வெளிநாட்டுச் சரக்காக இருந்த சைக்கிள் இவ்வாறு நம் நாட்டுச் சரக்காயிற்று. குமாஸ்தாவுக்கு மட்டுமன்றித் தபால்காரருக்கும், பால்காரருக்கும், பத்திரிகை போடும் பையனுக்கும் அது எட்டும் பொருளாயிற்று.

இனி, நகரத்தைத் திட்டமிட்டவர்கள் இவ்வாகனத்தை எவ்வாறு கருதினர் என்று பார்ப்போம். தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-ல் அமைந்தது. ஃபோர்டு அறநிறுவனம் அனுப்பிய வல்லுநர்களின் துணையோடு வரையப்பட்ட முதல் பெருந்திட்டம் 1962-ல் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் பேசப்பட்டன. 1990-ல் வெளியான இரண்டாம் பெருந்திட்டத்திலும் பேசப்பட்டன. 2007-ல் வெளியான மூன்றாம் திட்டமும் தனிச் சைக்கிள் பாதை வேண்டும் என்றே கூறிற்று. மூன்று தலைமுறைத் திட்டங்களிலும் சைக்கிள் மறக்கப்படவில்லை. எழுத்தளவில் குறையொன்றுமில்லை.

அரசு ஏடுகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தெழுதும் தொழிலில் இருப்போருக்கு ஒரு செய்தி தெரியும். 'பாதைகள் அமைக்கப்படுதல் வேண்டும்' என்ற வாக்கியத்தில் செயப்படுபொருள் முன்னே நிற்கிறது, வினைமுதல் மறைந்துவிடுகிறது. யாரால் அமைக்கப்படும், எந்த நாளுக்குள், எந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணத்தைக் கொண்டு என்ற மூன்றையும் அவ்வாக்கியம் சொல்வதில்லை. தில்லியில் ஒரு சாலை நகராட்சியைச் சேர்ந்தது. அடுத்தது பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. மற்றொன்று வளர்ச்சி ஆணையத்தைச் சேர்ந்தது. போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் காவல்துறை மைய அரசின் பொறுப்பில் உள்ளது. வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரே தொடராகச் செல்ல வேண்டிய சைக்கிள் பாதை, இத்தனை எல்லைகளையும் கடந்தாக வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் முழுப் பாதையும் பயனற்றதாகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் சைக்கிள் ஓடாதன்றோ?

திட்டம் ஏட்டில் உறங்க, சாலை வேறு வழியில் வளர்ந்தது. முக்கியமான மாறுதல்கள் மூன்று.

முதலாவது, தூரம். நெருக்கடி நிலை நிலவிய 1975 முதல் 1977 வரை, நகரத்தின் உட்பகுதிக் குடிசைகளிலிருந்து ஏறத்தாழ 7 லட்சம் பேர் அகற்றப்பட்டு, தொலைவில் மறுகுடியமர்வுக் காலனிகளில் வைக்கப்பட்டனர். வேலை நகரத்துக்குள்ளேயே இருந்தது; வீடு மட்டும் ஊர்க்கோடிக்குப் போயிற்று. மூன்று மைல் மிதித்தவர் எட்டு மைலும் பத்து மைலும் மிதிக்க வேண்டி வந்தது.

இரண்டாவது, வேகம். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லி புதுக்கோலம் பூண்டது. மேம்பாலங்கள் எழுந்தன, சாலைகள் அகலமாயின. மோட்டாரில் செல்பவருக்கு அது வசதி. ஆனால் மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்து ஏறுகிறவருக்கும், சரிவில் எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமின்றித் தவிக்கிறவருக்கும் அது எமனின் வாசலாயிற்று. இதற்கு அறிவியல் காரணம் எளிது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால்தான், 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் சைக்கிள் விடுவோரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று வற்புறுத்திற்று.

மூன்றாவது, மதிப்பு. 1983 டிசம்பரில் தில்லியை அடுத்த குர்காவ்ன் தொழிற்சாலையிலிருந்து மாருதி கார் வெளிவந்தது. ஸ்கூட்டரும் பெருகிற்று. நடுத்தர வகுப்பார் சைக்கிளிலிருந்து இறங்கினர். அவர்கள் இறங்கியதும், சைக்கிளுக்காகப் பேசும் குரலும் இறங்கிவிட்டது. செயலகத்துக் குமாஸ்தா சைக்கிளில் சென்றவரை அவருடைய குறை அலுவலர் காதில் விழுந்தது. பின்னர் அதில் சென்றவர் கட்டட வேலைக்காரரும், ஆலைத் தொழிலாளியும், இரவுக் காவலாளியுமே. அவர்களுடைய குறையை எடுத்துச் சொல்வார் யார்?

சைக்கிள் ஒழிந்துவிட்டது என்று இதனால் கருதிவிடலாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் கார் வைத்திருந்த குடும்பங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சைக்கிள் வைத்திருந்த குடும்பங்களோ பத்தில் மூன்று. கார் வைத்திருந்தோரைக் காட்டிலும் சைக்கிள் வைத்திருந்தோரே மிகுதி. ஆயினும் சாலையின் அகலத்தில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை நாம் கண்ணாலேயே அளந்து பார்க்கலாம்.

இந்தப் பங்கீட்டை மாற்றிப் பார்க்க ஒருமுறை துணிவான முயற்சி நடந்தது. தெற்குத் தில்லியில் அம்பேத்கர் நகர் என்னும் பகுதி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பல குடியிருப்புகள் நாம் மேலே கூறிய மறுகுடியமர்வுக் காலனிகளே. அங்கிருந்து மூல்சந்த் சந்திப்பு வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2008-ல் ஒரு புதுவகைச் சாலை திறக்கப்பட்டது. நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடம், அதன் பக்கத்தில் மோட்டார்களுக்கு, ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, அதற்கப்பால் நடைபாதை. தில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியர்களான தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் இக்கருத்துக்கு முன்னின்று உழைத்தவர்கள். ஒரு சாலையில் எத்தனை வாகனங்கள் செல்கின்றன என்பதைவிட எத்தனை மனிதர் செல்கின்றனர் என்பதே கணக்கு என்பது அவர்கள் கொள்கை. 2006-ல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதனையே கூறிற்று.

தொடக்க நாள் முதலே எதிர்ப்புக் கிளம்பியது. கார்கள் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது என்று குறை கூறினர். சந்திப்புகளில் விளக்குகளின் நேர ஒழுங்கும், பஸ் நிலையங்களின் அமைப்பும் குறையுடையனவாக இருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. சைக்கிள் பாதையில் ஸ்கூட்டர்கள் புகுந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012-ல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் பிழைத்த அப்பாதை, அரசியலில் பிழைக்கவில்லை. அதை நீக்குவதென்று 2015-ல் மாநில அரசு முடிவு செய்தது. 2016 தொடக்கத்தில் இடிக்கும் பணி ஆரம்பமாயிற்று. குறைகளைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, அப்பாதையே அகற்றப்பட்டது. எட்டே ஆண்டுகள்! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

பாதையில்லாச் சாலையில் நேரும் துன்பம் எளியோரை மட்டும் தொடுவதன்று. 2013 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுற்றுச்சூழல் அறிஞர் சுனிதா நாராயண் அனைத்திந்திய மருத்துவக் கழகத்தின் அருகே சைக்கிளில் செல்கையில் ஒரு கார் அவரை மோதிவிட்டு நில்லாமல் சென்றது. எலும்புகள் முறிந்த நிலையில், வழியே சென்ற ஒருவர் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதால் அவர் உயிர் தப்பினார். அச்செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆனால் வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளி அடிபட்டு வீழ்ந்தால், மறுநாள் பத்திரிகையில் அவருக்கு இரண்டு வரி கிடைப்பதும் அரிது.

2020-ல் கொள்ளைநோயின் காரணமாக ஊரடங்கு வந்தது. ரயிலும் பஸ்ஸும் நின்றன. அப்போது கைகொடுத்தது எது? தில்லியிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் தொழிலாளர் பலர் சைக்கிளிலேயே ஊர் திரும்பினர். குர்காவ்னிலிருந்து காயமுற்ற தன் தந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்துப் பீகாரின் தர்பங்கா மாவட்டத்தை அடைந்தாள். உலகம் அதைக் கண்டு வியந்து பாராட்டிற்று. பாராட்டுக்குரிய செயலே. ஆயினும், ஒரு சிறுமி அவ்வாறு மிதிக்க வேண்டி வந்த நிலையைக் குறித்து நாம் நாணவும் வேண்டும். அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் அவை உலகச் சைக்கிள் நாளென அறிவித்திருந்த அதே நாளில், தில்லியை அடுத்த சாஹிபாபாதிலிருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை மூடப்பட்டது. காலத்தின் விளையாட்டு என்பது இதுதான் போலும்.

எனினும் வீழ்ந்தது மீண்டும் எழாதென்று வரலாறு கூறவில்லை. நெதர்லாந்து நாட்டிலும் 1950-களுக்குப் பின் சைக்கிள் விரைந்து குறைந்துவந்தது, மோட்டார் பெருகிற்று. 1971-ல் மட்டும் அச்சிறு நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலைகளில் மாண்டனர். அவருள் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரை பெற்றோரைத் திரட்டிற்று. 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் பிறந்தது. தாய்மார்கள் தெருவை மறித்து நின்றார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசு சைக்கிள் பாதைகள் அமைக்கலாயிற்று. இன்று அந்நாடு சைக்கிளின் தாயகம் போல் காட்சியளிக்கிறதென்றால், அது இயற்கை தந்த வரமன்று. பெற்றோர் போராடிப் பெற்ற பயன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1991-ல் தொடங்கி அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் விடக் கற்றனர். பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சந்தைக்கும் பள்ளிக்கும் சென்றனர். தில்லியில் 'ஏழையின் வாகனம்' எனத் தாழ்வாக எண்ணப்பட்ட அதே பொருள், அங்கே விடுதலையின் கருவியாக மதிக்கப்பட்டது. பொருள் ஒன்றே, அதை நோக்கும் கண்தான் வேறு.

தில்லியிலும் நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. சைக்கிள் ரிக்‌ஷாக்களின் எண்ணிக்கைக்கு 99,000 என்று விதித்திருந்த வரம்பை 2010-ல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. மெதுவாகச் செல்லும் வாகனத்துக்கும் சாலையில் உரிமை உண்டு என்பதை அத்தீர்ப்பு உறுதி செய்தது. 1650-ஆம் ஆண்டளவில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அமைத்த சாந்தினி சௌக், 2021-ல் பகல் நேரத்தில் மோட்டார் நுழையாத வீதியாகத் திறந்துவைக்கப்பட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலையைக் குறைபட அமைப்பவருக்கு அபராதம் விதிக்க வழி செய்தது. நடப்போரையும் மோட்டாரல்லாத வாகனங்களையும் குறித்து மாநிலங்கள் விதிகள் வகுக்கலாம் என்றும் அதில் சேர்க்கப்பட்டது. வினைமுதல் மறைந்த வாக்கியத்துக்கு மெல்ல மெல்ல ஒரு வினைமுதல் கிடைத்து வருகிறது எனலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட சைக்கிள் முன்பணம் 2016-ல் விதிகளிலிருந்து நீங்கிவிட்டது. அதனோடு தொடர்புடைய சைக்கிள் படியையும் ஏழாவது ஊதியக் குழு நீக்கச் சொல்லிற்று. ஆனால் அரசு 2017-ல் தபால்காரருக்கும் ரயில் பாதைத் தொழிலாளருக்கும் அதை நிறுத்தாமல், மாதம் 90 ரூபாயை 180 ஆக உயர்த்திற்று. பணம் சிறிதே, ஆயினும் அதில் ஓர் ஒப்புதல் இருக்கிறது. இந்நாட்டின் வேலை இன்னமும் பலருடைய கால்களின் வலிமையால் நடக்கிறது என்ற ஒப்புதல் அது.

மும்பையிலும், பெங்களூரிலும், கல்கத்தாவிலும், தில்லியிலும் வாழும் தமிழர்களாகிய நாம், நம் முன்னோர் இந்நகரங்களில் முதற்காலூன்றியபோது எதன்மேல் ஏறிச் சென்றார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று நம்மில் பலர் காரில் செல்கிறோம், அதில் குற்றமில்லை. சிவப்பு விளக்கு எரிகையில், நம் கண்ணாடிக்கு வெளியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒருவர் சைக்கிளோடு நிற்பார். அவர் யாரோ எவரோ என்று நாம் எண்ணுதல் தகாது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே சந்திப்பில் நம் தந்தையும் பாட்டனும் அவ்வாறே நின்றார்கள். அவருக்கு ஒரு கைவீச்சு இடம் விட்டு நம் வண்டியைச் செலுத்துவது நம் கையில் உள்ளது. நாம் வாழும் பகுதியின் சாலை தோண்டப்படும்போது, சைக்கிளுக்குத் திட்டத்தில் எழுதிய பாதை எங்கே என்று குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதும் நம் கையில்தான் உள்ளது.